மிளகு அறையில் பால் காய்ச்சிய நாள்

எனக்கு இருபத்து மூன்று வயதாகும் வரை ஒரு நாள்கூட நான் தனியாகப் படுத்துத் தூங்கியதில்லை. காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில் பிறந்தவள். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடுகள். முதல் வீட்டில் ஒருவர் இருமினால் நான்காம் வீட்டிலிருந்து சுக்குக் கஷாயம் வந்துவிடும். எங்கள் பங்குக்கு ஓர் அறை, அதை ஒட்டி ஓர் அடுப்பு மூலை. அதற்குள் அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, நான், இரண்டு தங்கைகள், ஒரு தம்பி. பாய்களை விரித்துவிட்டால் தரை கண்ணில் படாது. சின்னத் தங்கையின் கால் விடிய விடிய என் வயிற்றின் மேலேயே கிடக்கும். சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோதும் ஓர் அறைக்கு எட்டுப் பேர்தான். தனியறை என்பதைக் கதைகளில் படித்ததோடு சரி.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஏற்காட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை கிடைத்தது. ஆர்டர் வந்த அன்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அந்தக் காகிதத்தை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நெசந்தானுங்க, கவர்மெண்டு உத்தியோகந்தான்" என்று அப்பாவிடம் நீட்டினார். அவர் அப்பாவிடம் மரியாதை போட்டுப் பேசியது அன்றுதான் முதல் தடவை. அப்பா ஆர்டரை மறந்துவிட்டு, வழியெல்லாம் அந்த 'ங்க'வைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார்.

வேலை சரி, பஸ்தான் சரியில்லை. எங்கள் எஸ்டேட் பக்கம் போகும் கடைசி பஸ் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். அலுவலகம் முடிவதோ ஐந்தே முக்கால். முதல் மாதம் அதிகாரியிடம் கெஞ்சி முன்னதாகக் கிளம்பினேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஆரஞ்சு இறக்கிவிட்டுத் திரும்பும் ஜீப்பில் காலிக் கூடைகளுக்கு நடுவில் குந்திப் போயிருக்கிறேன். கடைசியில் அதிகாரியே, "ஊருக்குள்ளயே ஒரு ரூம் பாத்துக்கம்மா. நீ ஓடறதப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் சொன்னபோது அப்பா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பொட்டப்புள்ள தனியாவா?" என்றார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை. "தனியாத்தானுங்க. தெனமும் சேத்துல உழுந்தடிச்சு ஓடியாறதுக்கு அது எவ்வளவோ மேலு" என்றாள். அப்பா இன்னொரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளத் தொடங்கினார். சம்மதம் என்று அர்த்தம்.

ஏற்காட்டில் வாடகைக்கு இடம் தேடுவது லேசான காரியமில்லை. முதலில் பார்த்த வீட்டில், "ஏப்ரல், மே ரெண்டு மாசம் காலி பண்ணிக்குடுத்துரோணும், சீசனுக்கு ஆளுங்க வருவாங்க" என்றார்கள். அந்த இரண்டு மாதம் நான் எங்கே போவது என்று கேட்டதற்கு, அது அவர்கள் கவலை இல்லை என்பதுபோல் ஏரியைப் பார்த்தார்கள். இரண்டாவது இடத்தில் காட்டியது அறையா குளியலறையா என்று எனக்கு இன்றும் தெரியாது. மூலையில் வெந்நீர் அண்டா புதைத்த அடுப்பு இருந்தது. மூன்றாவது வீட்டு அம்மாள் நான் தனியாள் என்று கேட்டதும் கதவையே சாத்திவிட்டாள்.

நான்காவதாகப் போனது ஏரிக்குப் பின்புறச் சந்து ஒன்றில், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் வீட்டுக்கு. அந்தச் சந்து முழுக்க அவரை டிரைவர் ஐயா என்றும், அவர் மனைவியை டிரைவரம்மா என்றும்தான் அழைத்தது. ஐயா முப்பது வருடம் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். வாசல் ஓரத்தில் ஒரு பழைய பஸ் சீட்டைப் போட்டு அதில்தான் உட்கார்ந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எத்தன டிக்கெட்டு?" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "ஒண்ணுதானுங்க."

"லக்கேஜு?"

"ஒரு ட்ரங்குப் பொட்டி, ஒரு பாயி, ஒரு ஸ்டவ்வுங்க."

உள்ளேயிருந்து டிரைவரம்மாவின் குரல் வந்தது: "ஏனுங்க, புள்ள வேர்த்து விறுவிறுத்து வந்து நிக்குது. ஒரு சொம்புத் தண்ணி குடுக்காம டிக்கெட்டு கேட்டுட்டு இருக்கறீங்களே!"

தண்ணீர் குடித்தபின் மாடிக்குக் கூட்டிப் போனார். வீட்டுக்கு வெளியே கல்படிகள். பாதியில் சட்டென்று ஒடிந்து திரும்பின. திரும்பும் இடத்தில் நின்று, "இது கொண்டை ஊசி. இங்க ஏறும்போதும் எறங்கும்போதும் ஹாரன் அடிக்கோணும்" என்றார். நான் விழித்தேன். "வாயாலதான் கண்ணு. ஹாரன்னு ஒரு சத்தம் குடு. எங்க ஊட்டம்மா கொடத்தோட வந்து ரெண்டு பேர இடிச்சுருக்கறா."

கதவைத் திறந்தார். பதினோரு அடிக்கு ஒன்பது அடி இருக்கும். பலகைத் தரை. ஒரு ஜன்னல், அதன் வழியே ஒரு சில்வர் ஓக் மரம், எதிர்வீட்டு ஓட்டுக்கூரை, கூரைக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு முழம் ஏரி. ஒரு மூலையில் சமைக்க மேடை. அவ்வளவுதான். நான் உள்ளே காலை வைத்ததும் ஏழு முறை தும்மினேன்.

செம்மநத்தம் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஐயாவின் சொந்தக்காரர்கள் பல வருடங்களாக அந்த அறையில்தான் மிளகு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்களாம். மூட்டைகள் போய்விட்டன. மிளகுத் தூள் பலகை இடுக்குகளில் தங்கிவிட்டது.

"பழகிரும்" என்றார் ஐயா.

"முப்பது வருசமாச்சு, எனக்குப் பழகலைங்க" என்றது கீழிருந்து டிரைவரம்மாவின் குரல்.

எனக்கு அந்த இடம் அப்படிப் பிடித்துவிட்டது, எட்டாவது தும்மலையும் சேர்த்துத்தான் 'சரிங்க' என்று சொன்னேன். ஐயா நிபந்தனைகளைச் சொன்னார். சீசனுக்குக் காலி செய்ய வேண்டாம். கரி அடுப்பு கூடாது. விருந்தாளி இரண்டு டிக்கெட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. "பலகை பழசு. ஓவர்லோடு தாங்காது" என்று தரையைக் குதிகாலால் தட்டிக் காட்டினார். கீழே அவர்கள் சமையலறை. தட்டிய இடத்துக்கு நேர் கீழே டிரைவரம்மா தும்மினார்.

சாவியைக் கையில் வாங்கிய அன்று சாயங்காலம் நான் செய்தவற்றை வெளியில் சொன்னால் யாரும் எனக்கு அரசு வேலை கொடுத்திருக்க மாட்டார்கள். கதவை உள்ளே தாழ் போட்டேன். திறந்தேன். மறுபடியும் போட்டேன். தாழ் விழும் அந்த 'டக்' என்ற ஓசையை இன்னும் நான்கைந்து முறை கேட்டேன். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அறையின் நடுவில் சுற்றினேன். எதுவும் இடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன், பிறகு எதிர் மூலையில். நான்கு மூலையும் எனக்கே என்பதை உடம்பு நம்ப வேண்டுமே! கடைசியில் தாங்க முடியாமல் ஒரு குதி குதித்தேன்.

கீழிருந்து உடனே குரல் வந்தது. "என்ன கண்ணு, உழுந்துட்டியா?"

"இல்லீங்கய்யா. குதிச்சேனுங்க."

கீழே டிரைவரம்மா தும்மும் சத்தம் கேட்டது. பிறகு, "செரி, குதி. மெதுவாக் குதி" என்றார்.

முதல் வாரம் தூக்கம் வரவில்லை. வயிற்றின் மேல் தங்கையின் கால் இல்லாமல் காற்றில் மிதப்பதுபோல் இருந்தது. ட்ரங்குப் பெட்டியிலிருந்த கம்பளியை மடித்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சமாளித்தேன். பகலில் அலுவலகத்தில் சாப்பாட்டு மணி அடித்ததும் ஓட்டமாக வந்து பூட்டைத் திறந்து அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு ஓடுவேன். அங்கே களவுபோக ஒன்றுமில்லை. அறை இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

டிரைவரம்மா சாயங்காலங்களில் கீழே கூப்பிட்டு ஒரு கிண்ணத்தில் ஏதாவது கொடுப்பார். அவர் கீழே சமவெளியிலிருந்து கல்யாணமாகி மலையேறி வந்தவர். "அடிவாரத்துல பஸ் ஏறினதுதான் தெரியும் கண்ணு. இருபது வளைவுக்கும் இருபது தடவ வாந்தி. மாலையும் கழுத்துமா வந்தவ, மாலையக் கழட்டி மூட்டகட்டிக்கிட்டு வந்து எறங்கினேன்" என்று ஒருநாள் சொன்னார். அதன்பிறகு தவிர்க்க முடியாமல் சேலத்துக்குப் போகும்போதெல்லாம் எலுமிச்சம்பழத்தோடு கண்ணை மூடிக்கொண்டு போவாராம். ஆனால் கணவர் ஓட்டும் பஸ்ஸில் மட்டும் முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட ஏறவில்லை.

"ஏனுங்கம்மா?"

"அந்த வளவுல அவரு ஸ்டேரிங்கப் புடிச்சுத் திருப்பறத என் கண்ணால பாத்தா உசுரு நின்னுரும் சாமி. தெனமும் அந்தி நேரத்துல ஹாரன் சத்தம் கேக்கற வரைக்கும் அடுப்புல என்ன வேகுதுன்னே எனக்குத் தெரியாது."

ஐயா ஓய்வு பெற்ற அன்றே டிரைவரம்மா கற்பூரத்தை ஏற்றி வைத்து, 'இனி பஸ்ஸைத் தொடமாட்டேன்' என்று சத்தியம் வாங்கிவிட்டார். ஐயாவும் தொடவில்லை. ஆனால் அவர் முன்பு பஸ்ஸை எடுத்த காலை ஆறரை மணிக்கும், திரும்பி வந்த மாலை ஆறரை மணிக்கும் பஸ் சீட்டில் உட்கார்ந்திருக்கும் அவர் வலது கால் தானாக அசைவதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்படி மூன்று வாரம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் லைனுக்குப் போனபோது அம்மா சாதாரணமாக, "பால் காய்ச்சினியா கண்ணு?" என்று கேட்டாள். நான் முழித்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமை காலையில் குடிபோனவளுக்குப் பால் எங்கே ஞாபகம் இருக்கும்?

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "பால் காய்ச்சாத ஊட்டுல எப்புடிக் கண்ணு மூணு வாரமாத் தூங்கற?"

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு லைனில் எல்லோருக்கும் லீவு. அன்று காலை அப்பாவும் அம்மாவும் மட்டும் வந்து, பால் காய்ச்சிவிட்டு, அப்படியே கோயிலுக்குப் போவது என்று முடிவானது. நான் ஐயாவிடம் போய், "ரெண்டு டிக்கெட்டுங்கய்யா" என்று சொல்லி அனுமதி வாங்கினேன்.

திருவிழாவன்று காலை ஒன்பது மணிக்குச் சந்து முனையில் எஸ்டேட் லாரி வந்து நின்றது. ஜன்னலிலிருந்து பார்த்த எனக்கு முதலில் அது எங்கள் லாரி என்றே தோன்றவில்லை; முன்பக்கம் வாழைக்கன்று, மாவிலை. பின்பலகையைத் திறந்தார்கள். அம்மா இறங்கினாள். அப்பா இறங்கினார். அத்தை இறங்கினாள். தங்கைகள், தம்பி. முதல் வீட்டு அக்கா, அவர் மாமியார். மூன்றாவது வீடு முழுக்க. ஐந்தாவது வீடு முழுக்க. எண்ணிக்கொண்டே வந்தேன், இருபத்து மூன்றில் வந்து நின்றது. கோயிலுக்கு எப்படியும் லாரி போகிறது, போகிற வழியில் 'நம்ம புள்ளயோட ஊட்ட' ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று லைனே கிளம்பிவிட்டிருந்தது.

நான் படியில் ஓடி இறங்கினேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "சொல்லிப் பாத்தேன் கண்ணு. ஒருத்தரும் கேக்கல" என்றார். ஐயா சொன்ன 'ஓவர்லோடு' நினைவுக்கு வந்து பயமாக இருந்தது. அதே நேரம் சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. நல்லவேளை, ஐயா கடைக்குப் போயிருந்தார்.

"எல்லாரும் ஹாரன்னு சொல்லிக்கிட்டே ஏறுங்க" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. டவுன் வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. இருபத்து மூன்று பேரும் கொண்டை ஊசியில் திரும்பும்போது ஒருவர் விடாமல் "ஹாரன்! ஹாரன்!" என்று பக்தியோடு சொல்லிக்கொண்டு ஏறினார்கள்.

அறைக்குள் போனவர்கள் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். ஜன்னலைத் திறந்து மூடினார்கள். "இது பூராவும் உனக்கு மட்டுமா?" என்று அத்தை மூன்று முறை கேட்டாள். "மட்டுந்தான் அத்தை" என்று நான் மூன்று முறையும் சொன்னேன். லாரி டிரைவர் அண்ணனும் மேலே வந்துவிட்டார். இடமில்லாமல் சமையல் மேடையோரம் ஒட்டிக்கொண்டு நின்றார். அம்மா ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பால் பாத்திரத்துக்குப் பொட்டு வைத்தாள். முன்வரிசையைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியவில்லை. "பொங்குதா?" "இன்னும் இல்ல." "இப்ப?" "இரு, நொம்ப அவசரப்படாத." பால் விளிம்பைத் தொட்டு நுரைத்துக் கவிழ்ந்தது. "பொங்கிருச்சு!" என்று அம்மா கத்த, பின்னாலிருந்த பிள்ளைகள் எல்லாம் சந்தோஷத்தில் ஒரே நேரத்தில் குதித்தார்கள்.

பல வருட மிளகு மொத்தமும் பலகை இடுக்கிலிருந்து எழுந்தது.

முதலில் தும்மியது அத்தை. அப்புறம் யார் யார் என்று சொல்ல முடியாது. இருபத்தைந்து பேர் ஓர் அறைக்குள் தும்மினால் அது எப்படிக் கேட்கும் என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும். ஒருவர் தும்மலை முடிக்கும்போது அடுத்தவர் தொடங்கினார். குழந்தைகள் தும்மவும் சிரிக்கவும் முடியாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். கீழே டிரைவரம்மாவும் தும்ம ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து திரும்பிய ஐயா படியேறி வந்து வாசலில் நின்றார்.

"ஓவர்லோ..." என்று தொடங்கியவருக்கு வார்த்தை முடியவில்லை. அவரும் தும்மினார்.

அப்போதுதான் மேடையோரத்திலிருந்து ஓர் அலறல் கேட்டது. லாரி டிரைவர் அண்ணன் பெரிதாக ஒரு தும்மல் போட்டு, போட்ட நிலையிலேயே நின்றுவிட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தவர் நிமிரவில்லை. நால்வர் சேர்ந்து அவரை அந்த வளைவு மாறாமல் அப்படியே தூக்கி, "ஹாரன், ஹாரன்" என்று கீழே இறக்கி, பஸ் சீட்டில் பக்கவாட்டில் கிடத்தினார்கள். டிரைவரம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். "அம்மா, மெதுவாங்க, மெதுவாங்க" என்று அண்ணன் முனகினார். அவர் அன்றைக்கு ஸ்டேரிங் பிடிக்க முடியாது என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்தது.

சந்தில் எல்லோரும் கூடி நின்றார்கள். மேலே கோயிலில் மேளம் தொடங்கும் நேரம். பொங்கல் பானைகள், தேங்காய்கள், மாலைகள் எல்லாம் லாரியில் இருந்தன. அத்தைக்கு முழங்கால் வலி. அவளுக்கு வேண்டுதல் வேறு. "நடந்தே போலாம், என்ன இப்ப" என்று சொல்லிவிட்டு நாலடி நடந்தவள் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எங்கள் லைனில் வேறு யாருக்கும் லாரி ஓட்டத் தெரியாது. எனக்கு அழுகை வந்தது. என் அறையைப் பார்க்க வந்ததால்தானே எல்லாம் கெட்டது.

ஐயா இதற்கிடையில் லாரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். ஒரு டயரை உதைத்துப் பார்த்தார். அடுத்ததை உதைத்தார். குனிந்து அடியில் பார்த்தார். "இடது பின்டயர்ல காத்துக் கம்மி" என்று யாரிடமோ சொன்னார். இரண்டாவது சுற்று வந்தார். கண்ணாடியைக் கைத்துண்டால் துடைத்தார். மூன்றாவது சுற்றில் கதவுக் கைப்பிடியைத் தொடாமல் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் எடுத்துக்கொண்டார்.

டிரைவரம்மா ஒத்தடத்தை என் தங்கையிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார். "ஏனுங்க."

"என்ன?"

"சும்மா சுத்திச் சுத்தி வராதீங்க. பாக்கறவங்களுக்குத் தல சுத்துது. ஏறி உக்காருங்க."

ஐயா அவரைப் பார்த்தார். "கற்பூரத்து மேல சத்தியம் பண்ணியிருக்கறனே."

"பஸ்ஸத் தொடமாட்டேன்னுதான பண்ணுனீங்க? இது லாரிதான?"

ஐயா சட்டைப் பையில் கையை விட்டார். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் லைசென்ஸ் அங்கேயேதான் இருந்தது. அதை எடுத்து எங்கள் அப்பாவிடம் காட்டினார், அப்பா கும்பிட்டுவிட்டார்.

ஐயா ஏறி உட்கார்ந்து சீட்டை ஒரு தட்டுத் தட்டினார். அந்த நேரம் டிரைவரம்மா, "நானும் வாரேன்" என்றார். "தனியா வரமாட்டேன். நீயும் முன்னாடி ஏறு கண்ணு" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடி கோயில் போகும் வரை விடவில்லை. வளையல் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

அண்ணனை எதிர்வீட்டுக்காரரின் பொறுப்பில் விட்டுவிட்டு லாரி கிளம்பியது. பின்னால் பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். டிரைவரம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு முந்தானையை வாயில் வைத்திருந்தார். சந்தை விட்டுப் பெரிய ரோட்டில் ஏறியதும் ஐயாவின் முதுகு நிமிர்ந்தது. இத்தனை நாள் பஸ் சீட்டில் சாய்ந்திருந்தவருக்கு இவ்வளவு உயரமா என்று நினைத்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நீளமாக ஹாரன் அடித்தார். காப்பித் தோட்டங்களும் சில்வர் ஓக் மரங்களும் இரண்டு பக்கமும் மெல்ல விலகி வழிவிட்டன. எதிரே ஒரு பஸ் வந்தது. அதன் டிரைவர் ஐயாவைக் கண்டதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, தலையை வெளியே நீட்டி, "அண்ணே! மறுபடியும் ட்யூட்டியா?" என்று கத்தினார். ஐயா ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். அவ்வளவு பெருமையை ஒரு விரலில் நான் பார்த்ததில்லை.

"என்னுங்க அது?" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"நம்ம பையன். நாந்தான் ட்ரெயினிங் குடுத்தேன்."

அம்மா ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதை. ரோட்டைப் பார்த்தார். கணவரின் கைகளைப் பார்த்தார். ஒரு வளைவு வந்தது; ஐயா வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, பால் பாத்திரத்தை இறக்குவது போல லாரியைத் திருப்பினார். அடுத்த வளைவையும் அம்மா கண்கொட்டாமல் பார்த்தார்.

"இப்புடித்தான் ஓட்டுவீங்களா?"

"இப்புடித்தான்."

"தெனமுமா?"

"தெனமும்."

"இவ்வளவு மெதுவாவா?" அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "இதுக்கா நான் முப்பது வருசம் பயந்து செத்தேன்?"

ஐயா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் நீர் வழிய, என் தோளில் முகத்தை முட்டிக்கொண்டு சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. கோயில் மலை கண்ணுக்குத் தெரிந்தபோது அம்மா ஜன்னலோரம் மறு கையை நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டே, "கொஞ்சம் வேகமாத்தான் போங்களே" என்றார்.

"ஸ்பீடு லிமிட் இருக்குது" என்றார் ஐயா.

அன்று கோயிலில் எள் போட இடமில்லாத கூட்டம். குகைக்குள் குனிந்து குனிந்து போய்ச் சேர்வராயனைக் கும்பிட்டு வந்தோம். அத்தை வேண்டுதலை முடித்தாள். டிரைவரம்மா ராட்டினத்தில் ஏறினார். நம்பமாட்டீர்கள், இரண்டு தடவை. ஐயாவைப் பழைய டிரைவர்களும் கண்டக்டர்களும் சூழ்ந்துகொண்டு பொரிகடலையை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். திரும்பும் வழியில் அண்ணனை ஏற்றிக்கொண்டு, சாக்குகள் விரித்துப் படுக்கவைத்து, எஸ்டேட் வரைக்கும் ஐயாவே ஓட்டினார். வரும்போது நாங்கள் மூவரும் கடைசி பஸ்ஸில் பயணிகளாகத் திரும்பினோம். ஐயா வழியெல்லாம் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை அவர் என்னைக் கூப்பிட்டபோது காலி செய்யத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். சமையலறையில் தச்சர் ஒருவர் நின்றிருந்தார். பலகைக்கு அடியில் குறுக்காக ஒரு தடித்த உத்தரம் கொடுக்கச் சொல்லிவிட்டு ஐயா என்னிடம் திரும்பி, "அடுத்த திருவிழாவுக்கு எத்தன டிக்கெட்டுன்னு முன்கூட்டியே சொல்லிரு" என்றார்.

அந்த அறையில் நான் ஐந்து வருடம் இருந்தேன். சிநேகிதர் ஒருவரின் ஜீப்பை வாங்கிக்கொண்டு ஐயாவும் டிரைவரம்மாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போக ஆரம்பித்தார்கள். ஒரு தடவை இருபது வளைவும் இறங்கி அடிவாரம் வரை போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அம்மா வாந்தி எடுக்கவில்லை என்பதைச் சந்து முழுக்கப் போய்ச் சொன்னார்.

எங்கள் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருடம் மழைக்காலத்தில் எஸ்டேட்டில் வேலை இல்லாத ஒரு புதன்கிழமை அவள் மட்டும் தனியாக பஸ் ஏறி வந்தாள். நான் சாவியைக் கொடுத்துவிட்டு அலுவலகம் போனேன். மதியம் சாப்பிட வந்தபோது கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன்.

"யாரு?"

"நாந்தாம்மா."

உள்ளே பாய் சரசரக்கும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து வருகிறாள் என்று நினைத்தேன். புரண்டு படுத்திருக்கிறாள்.

"அப்பறமா வா கண்ணு" என்றாள்.

நான் படியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, மணி இரண்டாகும் வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.